‘மெதுவாக நடந்தார்’: ஆங்கிலத்தில் எத்தனை நடை?

கேள்வி: ஆங்கிலத்தில் சிறுகதை எழுதிப் பழகுகிறேன். யார் மெதுவாக நடந்தாலும் ‘வாக் ஸ்லோலி’ என்றே வருகிறது. ஸ்ட்ரோல், ட்ரட்ஜ், ஷஃபிள், ஹாபிள் என எதைத் தேடினாலும் என் கையகராதியில் ‘மெதுவாக நட’ என்றுதான் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

பதில்: அகராதியை மூடிவிட்டு அந்த ஆளின் காலைப் பாருங்கள். காற்று வாங்க உலாவுகிறார் என்றால் ஸ்ட்ரோல். அதிலேயே ‘எனக்கென்ன அவசரம்’ என்ற தோரணை தெரிந்தால் சான்டர். களைத்துப்போய், சேற்றிலோ பனியிலோ ஒவ்வோர் அடியையும் பிடுங்கி வைக்கிறார் என்றால் ட்ரட்ஜ்.

அதிகம் குழம்புவது ஷஃபிள், லிம்ப், ஹாபிள் மூன்றிலும்தான். பாதத்தைத் தூக்காமல், செருப்பு ‘சரக் சரக்’ என்று தரையில் தேய நடப்பது ஷஃபிள். ஒரு காலில் அடிபட்டு நொண்டினால் லிம்ப். வலியால் எட்டி வைக்க முடியாமல் குட்டை குட்டை அடியாகத் தடுமாறிப் போவது ஹாபிள். இரண்டு பாதமும் புண்ணாக இருந்தாலும் இதுவே.

சொல் தெரிந்த பிறகும் வாக்கியம் இடறும். ‘காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார்’ என்பதில் நடையின் விதம் எச்சத்தில் இருக்கிறது, ‘வந்தார்’ முற்றாக நிற்கிறது. ஆங்கிலத்தில் விதமே முற்றுவினையாகிவிடும். உள்ளே வந்த சேதியை ‘இன்’ என்ற சின்னச் சொல் பார்த்துக்கொள்ளும்: ‘ஹி ஷஃபிள்ட் இன்’. இது பிடிபடாததால்தான் ‘ஹி கேம் இன் பை ஷஃபிளிங்’ என்று எழுதிவிடுகிறோம். அதேபோல் ‘ட்ரட்ஜ்ட் ஹோம்’ போதும். நடுவே ‘டு’ போட்டால் பிழை. கூடவே ‘ஸ்லோலி’யும் வேண்டாம், அது வினைக்குள்ளேயே இருக்கிறது.

டாடில் என்ற சொல்லில் மட்டும் கவனம். மணி அடித்த பிறகும் வழியில் வேடிக்கை பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது பொருந்தும். அதில் கண்டிப்பு கலந்திருப்பதால், தள்ளாமையால் மெல்ல நடக்கும் பெரியவருக்குப் போடவே கூடாது.

கேள்வி: க்ரால், க்ரீப் இரண்டுமே ஊர்வதுதானே?

பதில்: குழந்தை கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது க்ரால். நெரிசலில் வண்டிகள் ஊர்வதற்கும் அதையே சொல்வார்கள். ஆள் க்ரீப் செய்கிறார் என்றால் பெரும்பாலும் சத்தம் வராமல் பதுங்கிப் போகிறார். நிமிர்ந்து நடந்தபடியும் அப்படிப் போகலாம். தூங்கும் குழந்தை விழித்துவிடாமல் அறையைவிட்டு நழுவும் தாய்க்கு க்ரீப்தான் சரி. இறந்தகாலத்தில் அது ‘க்ரெப்ட்’ ஆகும்.