டார்க் ரொமான்ஸ் கடைசி பாகம்: பக்கம் இல்லாத புக் வந்தா கேக்க கூச்சப்படாதீங்க

கேள்வி: அக்கா, நான் சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருக்கேன். நாலு பாகம் உள்ள ஒரு டார்க் ரொமான்ஸ் சீரிஸ் (பெரியவங்களுக்கான, கடுமையான காட்சிகள் உள்ள காதல் கதை), அதோட கடைசி பாகத்தை இங்க உள்ள ஒரு ஆன்லைன் கடைல ப்ரீ-ஆர்டர் பண்ணி 28 வெள்ளிக்கு வாங்கினேன். 256ம் பக்கம் முடிஞ்சதும் திரும்ப 225ம் பக்கம் வருது, அது ஓடி முடிஞ்சு நேரா 289க்கு தாவிடுது. கதை உச்சத்துக்குப் போற இடமே காணோம். கடைக்காரர்கிட்ட கேட்டா, அடல்ட் ஐட்டம், பிளாஸ்டிக் பிரிச்சாச்சு, மாத்தித் தர முடியாதுன்னு மெசேஜ் போடுறாரு. இந்த மாதிரி புக்குக்காக கம்ப்ளெயின்ட் பண்ண கூச்சமா இருக்கு, விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க தங்கச்சி. கட்டில் காட்சி உள்ள புக்கா, சமையல் புக்காங்கறதை வச்சு சட்டம் ஆள் பாக்குறதில்ல, 28 வெள்ளி கொடுத்து முழுப் புக் வாங்கினீங்க, முழுப் புக் வரல, அவ்ளோதான் விஷயம். வாங்கினவங்க வெக்கப்பட்டு பேசாம இருந்துடுவாங்கன்னு நம்பித்தான் சில கடைங்க இந்த அடல்ட் ஐட்டம் கதையை சொல்றாங்க, இதைப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும்.

முதல்ல இது உங்க கைல நடந்த தப்பு இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. பிரஸ்ல பெரிய ஷீட்ல அடிச்சு மடிச்சு 16 பக்கமாவோ 32 பக்கமாவோ கட்டு கட்டா சேத்து ஒட்டுவாங்க, உங்க புக்ல 225லேருந்து 256 வரைக்கும் உள்ள கட்டு ரெண்டு தடவ விழுந்து 257லேருந்து 288 வரைக்கும் உள்ள கட்டு விட்டுப் போயிருக்கு, கணக்கு சரியா 32 பக்கம். பைண்டிங்ல நடந்த கோளாறுதான், வேற யாரும் இதை பண்ணியிருக்க முடியாது. பிளாஸ்டிக்கை பிரிக்காம 257ம் பக்கம் இருக்கா இல்லையான்னு எப்படி பாக்குறது, அதனால பிரிச்சாச்சுங்கற பேச்சும் நிக்காது.

2012 செப்டம்பர் 1லேருந்து நம்ம ஊர்ல லெமன் சட்டம் இருக்கு, குறை உள்ள பொருளை வித்தா கடைக்காரரை பொறுப்பாக்குற சட்டம் அது. கார், போனுக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கடைல வாங்குற புக்குக்கும் சேரும். கைக்கு வந்து 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வரும்போதே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, இல்லன்னு காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ரிப்பேர் பண்ணணும் இல்ல மாத்தித் தரணும், அது முடியலன்னா விலையை குறைக்கணும் இல்ல பணத்தை திருப்பித் தரணும். புக்கை ரிப்பேர் பண்ண வழி இல்ல, அதனால வேற காப்பி கேளுங்க, ஸ்டாக் இல்லன்னா பணத்தை கேளுங்க. 'நோ ரீஃபண்ட்'னு ரசீதுல போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது.

மெசேஜ்ல கதையைப் பத்தி ஒரு வரி கூட வேணாம். எந்தப் பக்கம் ரெண்டு தடவ வருது, எது இல்ல, என்னைக்கு வாங்கினீங்க, அது போதும், போட்டோவும் பக்க நம்பர் தெரியற ஓரத்தை மட்டும் எடுத்தா போதும். அப்பவும் மசியலன்னா பயனீட்டாளர் சங்கத்துல ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம், அதுக்கும் மேல சின்னத் தொகை வழக்கை விசாரிக்கற ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல் இருக்கு, 5,000 வெள்ளி வரைக்கும் உள்ள கிளைமுக்கு ஃபீஸ் 10 வெள்ளி, வக்கீல் கிடையாது. 28 வெள்ளிக்கு அவ்ளோ தூரம் போகணுமான்னு தோணும், ஆனா சட்டத்து பேரை சொல்லி பணிவா ஒரு மெசேஜ் போட்டாலே பல கடைங்க இறங்கி வந்துடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கரோசெல் ஆப்ல தனி ஆள் ஒருத்தர் அவர் படிச்ச புக்கை விக்கறப்போ இந்த சட்டம் வராது, அங்க பக்கத்தை புரட்டிப் பாத்துட்டு காசு கொடுங்க.

கேள்வி: முதல் மூணு பாகமும் ஒரே உயரம், நாலாவது மட்டும் பெருசா வந்திருக்கு, அலமாரில வச்சா பாக்கவே சகிக்கல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தினதா இருக்காது, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாம். இந்த வகை ரைட்டர்ஸ் நிறைய பேர் முதல்ல தாங்களே சொந்தமா போட்டு வித்து, பேர் வந்தப்புறம் பெரிய பதிப்பகத்துக்கு மாறுறாங்க, அப்ப அட்டையும் அளவும் மாறும். அமெரிக்க எடிஷன் ஒரு மாதிரி, பிரிட்டிஷ் எடிஷன் ஒரு மாதிரி. ஒவ்வொரு எடிஷனுக்கும் தனி ஐஎஸ்பிஎன், 13 நம்பர், பின் அட்டைல இருக்கும். உங்ககிட்ட இருக்கிற மூணும் எந்தப் பதிப்பகம், எந்த நாட்டு எடிஷன்னு பாத்து, நாலாவதுலயும் அதே எடிஷனோட ஐஎஸ்பிஎன்னை தேடி அதை சொல்லி ஆர்டர் பண்ணுங்க, புக் பேரை மட்டும் சொன்னா எது வேணா வரும். ஆர்ச்சர்ட் ரோடு 'நீ ஆன் சிட்டி' (Ngee Ann City) மால்ல உள்ள கினோகுனியா புக் கடைக்கு நேர்ல போய் அளவு பாத்து எடுக்கறதுதான் எனக்கு பிடிச்ச வழி. முன்னெல்லாம் புக் டெப்பாசிட்டரிங்கற ஆன்லைன் கடைல ஷிப்பிங் ஃப்ரீயா எந்த எடிஷனும் வரும், 2023 ஏப்ரல்ல அதை மூடினதுலேருந்து நம்மள மாதிரி சீரிஸ் சேக்குறவங்களுக்கு கஷ்டம்தான்.

ஓரத்துல கலர் அடிச்ச ஸ்பெஷல் எடிஷன்னு சொல்லி ரெண்டு மடங்கு விலைக்கு விக்கறாங்கல்ல, அந்தக் கலர் பல தடவ முதல் பிரிண்ட்டுக்கு மட்டும்தான் வரும். காப்பிரைட் பக்கத்துல 10லேருந்து 1 வரைக்கும் ஒரு நம்பர் வரிசை இருக்கும், அதுல 1 இருந்தா பொதுவா முதல் பிரிண்ட். போட்டோ கேளுங்க, அனுப்பலன்னா வாங்காதீங்க. கடைல 25 வெள்ளி விக்கற புக் ஆன்லைன்ல புதுசுன்னு சொல்லி 8 வெள்ளிக்கு வந்தா, எழுத்து மங்கலா, தாள் மெலிசா உள்ள கள்ளப் பிரிண்ட்டா இருக்கலாம், எழுதினவங்களுக்கு அதுல ஒரு காசு போகாது.

கேள்வி: என் மகளுக்கு 15 வயசு. பிறந்தநாளுக்கு ஒரு சீரிஸோட கடைசி புக் வேணுமாம், அட்டைல அழகா கார்ட்டூன் மாதிரி பூவும் கத்தியும் இருக்கு. வாங்கித் தரலாமா அக்கா?

பதில்: அது டார்க் ரொமான்ஸா இருந்தா வேணாம்மா. அட்டையை நம்பாதீங்க. இந்த வகைல கடத்தல், பின்தொடர்றது, சம்மதம் இல்லாம தொடறது எல்லாம் காதல் கதைக்குள்ளயே வரும், கடைசி பாகத்துல பழி தீர்க்கற காட்சியும் சேர்ந்து கனமா இருக்கும். பெரியவங்க தெரிஞ்சு தேர்ந்தெடுத்து படிக்கிறது வேற, அதுல ஒரு தப்பும் இல்ல, 15 வயசுக்கு இது இல்ல. படத்துக்கு எம்18, ஆர்21ன்னு இருக்கிற மாதிரி கட்டாய ரேட்டிங் புக்குக்கு கிடையாது, அதனால நாமதான் பாக்கணும். முதல் பக்கங்கள்லயோ ரைட்டரோட வெப்சைட்லயோ என்னென்ன கடுமையான விஷயம் இருக்குன்னு எச்சரிக்கை பட்டியல் போட்டிருப்பாங்க, அதை நீங்க முதல்ல படிங்க.

திட்டாதீங்க. கடைசி பாகம் கேக்குறான்னா முன்னாடி உள்ளதை போன்லயோ தோழிகிட்ட வாங்கியோ படிச்சிருப்பா, திட்டினா அடுத்தது ஒளிச்சு படிப்பா. என்ன பிடிச்சதுன்னு உக்காந்து கேளுங்க, ரெண்டு பேருமா லைப்ரரிக்கு போய் அவ வயசுக்கு ஏத்த காதல் கதையா தேடுங்க.

கேள்வி: கடைசி பாகத்தை மட்டும் இ-புக்கா வாங்கினா லாபமா?

பதில்: பெரும்பாலும் விலை குறைவு, எம்ஆர்டில யாரும் அட்டையைப் பாக்க மாட்டாங்க. ஆனா இ-புக்ல நீங்க வாங்குறது படிக்கற உரிமம்தான், திரும்ப விக்கவோ தோழிக்கு கொடுக்கவோ முடியாது. வெளிநாட்டு பெரிய தளங்கள்ல இ-புக், அச்சுப் புக் ரெண்டுக்கும் 9% ஜிஎஸ்டி உண்டு, அச்சுப் புக் 400 வெள்ளிக்குள்ள இருந்தா வரி இல்லங்கறது 2023 ஜனவரியோட போச்சு, அச்சுப் புக்குக்கு ஷிப்பிங்கையும் சேத்துத்தான் வரி போடுவாங்க. முதல்ல சாம்பிள் படிங்க, முன்னாடி உள்ள பாகங்கள் நூலகத்தோட இ-புக் இரவல் ஆப் 'லிபி'ல (Libby) இருக்கான்னு தேடுங்க. மூணாவது பாகமே உங்களுக்கு பிடிக்கலன்னா நாலாவதை வாங்காதீங்க.