எம்பிஏவில் சொல்லும் ‘நடைமுறை மூலதனம்’ என்றால் என்ன? லாபம் வந்தும் கையில் காசு இல்லாமல் போவது ஏன்?

தொழிலை அன்றாடம் ஓட்டப் புரளும் பணம்தான் நடைமுறை மூலதனம். கையிருப்பு, சரக்கு, வரவேண்டிய பாக்கி மூன்றையும் கூட்டி, சீக்கிரம் கொடுக்கவேண்டிய கடனைக் கழித்தால் கிடைக்கும்.

முதல் பருவத் தேர்வில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டேன். ஆனால் புரிந்தது, அடுத்த ஓணத்துக்கு முன் கம்பத்துக்கு வந்திருந்தபோதுதான். அப்பா குமுளி வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி அனுப்புகிறவர். ஒரு லோடு 1,00,000 ரூபாய் என்று வையுங்கள். தோட்டக்காரருக்கு 3 நாளில் பணம் கொடுக்கவேண்டும். கோட்டயத்துக் கடைக்காரர் தருவதோ 15 நாள் கழித்து. நடுவில் 12 நாள். தினம் ஒரு லோடு போனால் 12 லட்சம் எப்போதும் வெளியிலேயே நிற்கும். ஓணம் நெருங்க லோடு இரண்டானது. நோட்டில் லாபம் ஏறிக்கொண்டே இருக்க, லாரி வாடகைக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அந்த ரசீதைப் பார்த்தபிறகு பாடப்புத்தகத்தை வேறு கண்ணோடு படித்தேன்.

கிணறு மாதிரிதான் இது. ஊற்று நன்றாக இருந்தாலும், ஊறுவதைவிட வேகமாக மோட்டார் இறைத்தால் தரை தட்டிவிடும்.

அப்புறம், விற்பனை கூடினால் பணமுடை தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடனுக்கு விற்கும்வரை, கூடும் ஒவ்வொரு லோடும் முதலில் இன்னும் பணம்தான் கேட்கும்.