நூறு சதவீத வாக்கைப் பற்றிக் கேட்ட பெண்

அம்மா, உங்கள் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று நேற்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்தீர்கள். எழுந்து போகும்போது ‘இவள் யார் பேச்சையும் கேட்க மாட்டேன் என்கிறாளே’ என்று கண் கலங்கினீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அது என் தவறு. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அவளைக் கம்ப்யூட்டர் பொறியியலில் சேர்க்காதீர்கள். கணக்கில் நல்ல மதிப்பெண், பெரியப்பா பிள்ளைகள் இருவரும் அதைத்தான் படித்தார்கள்: நீங்கள் சொன்ன காரணங்கள் இவ்வளவுதான். என்ன படிக்க ஆசை என்று நான் கேட்டபோது, அவள் பதில் சொல்லாமல் ஒரு நோட்டைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘2002இல் இராக்கில் 1,14,45,638 வாக்குகளும் சதாம் உசேனுக்கே விழுந்ததாக அறிவித்தார்கள். எதிர்த்து நிற்கவே ஆளில்லாதபோது வாக்கெடுப்பு எதற்கு?’ ‘எதற்கு’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள்.

அந்தக் கேள்வியை ஆராய்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அதை ஒப்பியல் அரசியல் என்பார்கள். அதில் ஒரு பெரும்பகுதி, சர்வாதிகார ஆட்சிகள் எப்படி நிலைக்கின்றன என்பதைப் பற்றியது. துப்பாக்கியை மட்டும் நம்பி நெடுநாள் ஆள முடியாது. ஆளும் உரிமை தனக்கு உண்டென்று மக்களில் ஒரு பகுதியினரையாவது ஏற்கவைக்க வேண்டும். செல்வாக்குள்ளவர்களுக்குப் பங்கு கொடுத்து வளைத்துப்போட வேண்டும். மிஞ்சியவர்களை அடக்க வேண்டும். இந்த மூன்றின் விகிதம் ஒவ்வொரு நாட்டிலும் மாறும். மெக்சிகோவில் ஒரே கட்சி 71 ஆண்டுகள் ஆண்டது. தேர்தல் தவறாமல் நடந்தது. ஆறு ஆண்டுகள் முடிந்ததும் அதிபர் இறங்கிவிடுவார்; அடுத்தவரை அவரே கைகாட்டுவார். தொழிற்சங்கத்துக்கும் விவசாயிக்கும் பதவி, நிலம், சலுகை என்று ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. இந்தோனேசியாவின் சுகார்த்தோ ‘வளர்ச்சியின் தந்தை’ என்ற பட்டத்தோடு ஆண்டார். நாணயம் சரிந்து வளர்ச்சி நின்றதும், 1998 மே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. சிலியின் சர்வாதிகாரி பினோசே 1988இல் தானே நடத்திய வாக்கெடுப்பில் தோற்றார். ஒரு வாக்கெடுப்பு ஆட்சிக்கு முட்டுக்கொடுக்கிறது, இன்னொன்று கவிழ்க்கிறது. ஏன் என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி.

இதில் கணக்குக்கு என்ன வேலை என்று அவள் அப்பா கேட்டார். நிறைய இருக்கிறது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘வி-டெம்’ என்ற ஆய்வுத் திட்டம், 1789 முதல் நாடுகளின் ஆட்சிமுறையை எண்களாக்கி வைத்திருக்கிறது. ஒரே நாட்டைப் பற்றி வல்லுநர்கள் பலர் மாறுபட்ட மதிப்பெண் தருவார்கள். அவற்றை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரப் புள்ளியியல் வேண்டும். ஆவணக் காப்பகங்கள் தனி உலகம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் வரும். கடைசி நாட்களில் அதிகாரிகள் கையால் கிழித்துப்போட்ட தாள்கள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. துண்டுக்குத் துண்டு பொருத்தி அவற்றில் ஒரு பகுதியை ஒட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது உங்கள் மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மனித உரிமை அமைப்புகளின் ஆவணப் பிரிவு, செய்தி நிறுவனங்கள், முதலீட்டாளர்களுக்கு அரசியல் இடர்களை மதிப்பிட்டுச் சொல்லும் நிறுவனங்கள், ஆய்வு மையங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. முதல் சில ஆண்டுகளில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டை அடகு வைத்து வெளிநாட்டு முதுகலைக்கு அனுப்பும் யோசனையைக் கைவிடுங்கள். கட்டணம் குறைந்த கல்லூரியில் அரசியல் அறிவியலோ வரலாறோ, கூடவே புள்ளியியல், ஓர் அயல்மொழி. இளங்கலைக்கு இது போதும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் வேலைக்குப் போகட்டும்.

ரஷ்யனா, அரபியா, பாரசீகமா, சீனமா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். அடுத்த சந்திப்புக்கு முதல் அரை மணி நேரம் அவளை மட்டும் அனுப்புங்கள். பெரியப்பா வர வேண்டாம்.