மலப் பரிசோதனை நார்மல் என்றால் கோதுமையை நிறுத்தலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு, மலப் பரிசோதனை நார்மல், டாக்டர் டிடிஜி-ஐஜிஏ எழுதியிருக்கிறார், அதற்குள் கோதுமையை நிறுத்தலாமா என்று.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். டிடிஜி-ஐஜிஏ என்பது சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த நோயில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரியும். நம் பக்கம் இட்லி, சோறு என்றே வளரும் பிள்ளைக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். சப்பாத்தி, பிஸ்கட் எவ்வளவு தருகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் மொத்த ஐஜிஏ (இந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் வகை) அளவும் கூடவே பார்க்கவேண்டும். அது குறைவாக இருந்தால் இந்த நெகட்டிவை நம்பமுடியாது.

ஒரே ஒரு மல மாதிரியை வைத்து ஜியார்டியா (வயிற்றுப்போக்கு உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணி) இல்லை என்றும் சொல்லிவிடமுடியாது. அது தினமும் வெளிவராது. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று மாதிரி கொடுங்கள். மூத்திரம் கலக்கக்கூடாது. தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்கவேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.