டேங்க் ஹீட்டரா, டேங்க்லெஸ்ஸா?

தம்பி, மினசோட்டாவில் பழைய வீடு வாங்கியிருப்பதாகவும், பேஸ்மென்ட்டில் சுடுதண்ணியைச் சேர்த்து வைக்கும் 50 கேலன் கேஸ் டேங்க் ஹீட்டருக்கு வயதாகிவிட்டதால், சேர்த்து வைக்காமல் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் டேங்க்லெஸ்ஸை மாட்டப் பிளம்பர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பா அம்மா வேறு வருகிறார்கள். எது நிலைத்து உழைக்கும், எதில் செலவு குறைவு என்று கேட்டீர்கள். நானும் அந்தப் பக்கம்தான், வேலந்தாவளத்துக்காரன், இந்தக் குளிருக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. என்னைக் கேட்டால், இப்போதைக்கு டேங்க்கே மாட்டுங்கள்.

நம்ம ஊர் பாத்ரூமில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரே போதும். குழாயில் வரும் தண்ணீரே 25 டிகிரிக்கு மேல் இருக்கும், இன்னும் பதினைந்து டிகிரி ஏற்றினால் பக்கெட் நிறைத்துக் குளித்துவிடலாம். இங்கே ஜனவரியில் தண்ணீர் 4, 5 டிகிரியில் வருகிறது. அதற்கு மேல் இன்னும் 40 டிகிரிக்குக் கூடுதலாக ஏற்ற வேண்டும். மணிக்கு 1,99,000 பிடியு (சூட்டை அளக்கும் கணக்கு) என்று போட்டிருக்கும் பெரிய கேஸ் டேங்க்லெஸ்கூட அந்தக் குளிரில் நிமிடத்துக்கு 18 லிட்டர் அளவுதான் தரும். அதே மெஷின் புளோரிடாவில் 30 லிட்டர் தரும். ஒரு ஷவருக்கே 9 லிட்டர் வரை போகும். இரண்டு பேர் குளிக்கும்போது சமையலறையில் யாராவது பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் மேலிருந்து சத்தம் கேட்கும். கரண்டில் ஓடும் மாடல் வேண்டவே வேண்டாம். 27 கிலோவாட் என்றால் 240 வோல்ட்டில் 110 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பழைய வீடுகள் பலவற்றில் மொத்தப் பேனலே 100 ஆம்பியர்தான்.

செலவைப் பார்ப்போம். உங்கள் டேங்க்கின் பர்னர் 40,000 பிடியு சுமாருக்குத்தான் இருக்கும். அதைப்போல் ஐந்து மடங்கு கேஸ் இழுக்க அரை இஞ்ச் பைப் பெரும்பாலும் பத்தாது, முக்கால் இஞ்ச் போட வேண்டும். புகைக்குழாயும் வேறு. எல்லாம் சேர்ந்து டேங்க் மாற்றும் செலவைவிட இரண்டு, மூன்று மடங்காகிவிடும். மிச்சம் எவ்வளவு? அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குப்படி, தினம் 41 கேலனுக்குள் சுடுதண்ணி புழங்கும் வீட்டில் 24 முதல் 34 சதவீதம். 86 கேலன் அளவுக்குப் புழங்கினால் 8 முதல் 14 சதவீதம்தான். அப்பா அம்மாவும் வந்துவிட்டால் நீங்கள் இரண்டாவது கணக்குப் பக்கம். தண்ணீர் சூடாக்க மாசம் 30 டாலர் ஆகிறது, 10 சதவீதம் மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 36 டாலர். கூடுதலாகப் போட்ட 2,500 டாலரை உங்கள் பேரன்தான் எடுப்பான்.

உழைப்பு விஷயத்தில் காகிதத்தில் டேங்க்லெஸ்தான் ஜெயிக்கும்: 20 வருஷத்துக்கு மேல் என்கிறார்கள், டேங்க்குக்கு 10 முதல் 15. ஆனால் ட்வின் சிட்டீஸ் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) புறநகர்களில் பெரும்பாலும் நிலத்தடி நீர். பாலக்காட்டில் நம்ம கிழக்குப் பக்கத்து போர் தண்ணி மாதிரியே சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணி. டேங்க்லெஸ்ஸின் மெல்லிய குழாய்களில் அந்தச் சுண்ணாம்பு படிந்தால் சூடு குறையும், எர்ரர் காட்டி நின்றுவிடும். வருஷம் ஒருமுறை சின்னப் பம்ப் வைத்து வெள்ளை வினிகரைச் சுற்றவிட்டுக் கழுவியே ஆக வேண்டும். டேங்க்கிலும் அடியில் படியும், கடமுடவென்று சத்தம் போடும், ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும். டேங்க்குக்குப் பதில் தான் அரிபட்டுக் கரையும் உலோகக் கம்பியான ஆனோடு ராடை மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். இதை இங்கே அநேகமாக யாருமே செய்வதில்லை. அப்புறம், பைலட் என்ற சின்னத் தீ எப்போதும் எரியும் சாதாரண டேங்க்குக்குக் கரண்ட் வேண்டியதில்லை. பனிப்புயலில் கரண்ட் போனால் டேங்க்லெஸ் நின்றுவிடும்.

பெரியவர்களுக்காக இன்னொன்று. தண்ணி வீணாகக் கூடாதென்று குழாயை நூல் மாதிரித் திறப்பார்கள். நிமிடத்துக்கு 2 லிட்டராவது ஓடாவிட்டால் டேங்க்லெஸ் பற்றவே பற்றாது, பச்சைத்தண்ணிதான் வரும். சோப்புப் போடும்போது மூடிவிட்டுத் திறந்தாலும் நடுவில் ஒரு குளிர்ந்த தாரை வரும். டேங்க்கில் இந்த வம்பில்லை. சூட்டை மட்டும் 120 பாரன்ஹீட்டில், அதாவது 49 டிகிரியில் வையுங்கள், தோல் பொசுங்கும் ஆபத்து குறையும்.

இதே வீட்டில் பதினைந்து வருஷம் இருப்போம், தண்ணியில் சுண்ணாம்பை எடுக்கும் வாட்டர் சாஃப்ட்னரும் உண்டு என்றால் அடுத்த முறை டேங்க்லெஸ்ஸை யோசிக்கலாம். அப்போது கழுவுவதற்கான வால்வு செட்டும் அந்த விலையில் சேர்த்திதானா என்று பிளம்பரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.