பழைய ரேஞ்ச்பைண்டர் காமிரா: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி (திருப்பூர்): வணக்கமுங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலைங்க. ஞாயித்துக்கிழமை ஆனா சந்தை, தறிப்பட்டறைன்னு படம் எடுக்கப் போவேன். பிலிம் ரேஞ்ச்பைண்டர் ஒண்ணு வாங்கோணும். கையில 12,000 ரூபாய்தான் இருக்குதுங்க. யாஷிகா எலெக்ட்ரோ, கேனனெட், ரஷ்யா சோர்க்கி மூணையும் சொல்றாங்க. எதை வாங்கட்டுமுங்க?

பதில்: முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். காமிராவுக்கு 8,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி 4,000 ரூபாய் ஒளி சீல் (பின்கதவில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்ச்) மாற்றவும், பேட்டரிக்கும், இரண்டு ரோலுக்கும், அவற்றைக் கழுவி ஸ்கேன் எடுக்கவும் தேவைப்படும். ஐம்பது வயதான காமிரா எதுவும் செலவு வைக்காமல் இருக்காது.

அடுத்தது, விற்பவர் சொல்லும் பெயரை நம்பி வண்டி ஏறாதீர்கள். வியூபைண்டரின் நடுவே மங்கலான சின்னக் கட்டம் தெரிய வேண்டும். லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது அந்தக் கட்டத்துக்குள் இரண்டாவது பிம்பம் நகர்ந்து வந்து ஒன்றோடு ஒன்று சேர வேண்டும். அதுதான் ரேஞ்ச்பைண்டர். நம் ஊர் வீடுகளில் நிறையக் கிடக்கும் யாஷிகா எம்எஃப்-2வில் இது கிடையாது. 'யாஷிகா ரேஞ்ச்பைண்டர்' என்ற பேச்சில் அதை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

இனி நீங்கள் கேட்ட மூன்று. யாஷிகா எலெக்ட்ரோ 35 வரிசை 1966-ல் தொடங்கியது. 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் அருமையானது. அபர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) நீங்கள் வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தைக் காமிராவே 30 நொடியிலிருந்து 1/500 நொடி வரைக்கும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வேகத்தை நீங்களாக வைக்க வழியில்லை. பேட்டரி செத்தால் எல்லாப் படமும் 1/500-ல்தான் விழும்; தறிப்பட்டறை வெளிச்சத்துக்கு அது உதவாது.

கேனனெட் க்யூஎல்17 ஜி3 1972-ல் வந்தது. 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ், 1/4 முதல் 1/500 வரை வேகம். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவது. பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் வேகம், அபர்ச்சர் இரண்டையும் கையால் வைத்து எடுக்கலாம்.

சோர்க்கி 4-ல் லென்ஸ் கழற்றி மாற்றலாம், 1 நொடி முதல் 1/1000 வரை உண்டு, மீட்டர் கிடையாது. ஒரு கட்டாய விதி இருக்கிறது: பிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். முன்னமே திருப்பினால் உள்ளே பொறி சேதமாகும். முந்தைய உரிமையாளர்களில் யாராவது ஒருவர் அப்படித் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, இதன் ஷட்டர் துணித்திரை. லென்ஸ் மூடி இல்லாமல் சித்திரை வெயிலைப் பார்த்தபடி காமிரா கிடந்தால் சூரியன் அந்தத் துணியில் ஓட்டை போட்டுவிடும். கேனனெட்டிலும் எலெக்ட்ரோவிலும் லென்ஸுக்குள் இதழ் ஷட்டர் என்பதால் அந்தப் பயம் இல்லை.

உங்கள் வேலைக்குக் கேனனெட்தான். விலை எட்டவில்லை என்றால் ஒலிம்பஸ் 35 ஆர்சி பாருங்கள்: 42 மி.மீ. எஃப் 2.8, சுமார் 410 கிராம், இதுவும் பேட்டரி இல்லாமல் ஓடும். வேகம் 1/15-க்குக் கீழே போகாது என்பது மட்டும் குறை. ஆனால் அழுக்கேறிய கேனனெட்டும் சுத்தமான எலெக்ட்ரோவும் ஒரே விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எலெக்ட்ரோவை எடுங்கள்.

கேள்வி (கோபிச்செட்டிபாளையம்): மூடின ஸ்டுடியோ ஒண்ணுல ஒரு எலெக்ட்ரோவும் ஒரு கேனனெட்டும் இருக்குதுங்க. 'நல்லா ஓடும், எடுத்துக்கோங்க'ங்கிறாரு. பிலிம் போட்டுப் பார்க்க நேரமில்லை. பத்து நிமிசத்துல என்ன பார்க்கட்டும்?

பதில்: ஒரு சின்ன டார்ச், 6 வோல்ட் பேட்டரி, அளவு டேப், ஒரு துண்டு டிரேசிங் பேப்பர், உங்கள் கைபேசி. இவற்றோடு போங்கள்.

பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியாக ஜன்னலைப் பாருங்கள். கேனனெட்டில் அபர்ச்சர் வளையம் 'ஏ' (தானியங்கி) குறியில் இருந்தால் முதலில் அதை விலக்குங்கள். ஏ-யில் பேட்டரி இல்லாமலோ வெளிச்சம் போதாமலோ இருந்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும், அது பழுதில்லை. இதை அறியாமல் நல்ல காமிராவைக் கெட்டது என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையமைப்பில் ஒவ்வொரு வேகமாக விடுங்கள். இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பலாகத் திறந்தாலோ, பாதியில் நின்றாலோ, இதழில் எண்ணெய் மினுமினுப்புத் தெரிந்தாலோ உள்ளே கிரீஸ் கசிந்து ஒட்டியிருக்கிறது. கைபேசியின் 240 பிரேம் ஸ்லோமோஷனில் பதிவு செய்து எண்ணினால் கணக்கே கிடைக்கும்: 1/4-க்குச் சுமார் 60 பிரேம், 1/30-க்கு 8 பிரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். 1/30-ல் 11, 12 வந்தால் வண்ண நெகட்டிவ் பிலிம் தாங்கிக்கொள்ளும். 1/125-க்கு மேல் இந்த முறையை நம்ப வேண்டாம். செல்ப் டைமர் நெம்பைத் தொடவே தொடாதீர்கள். வருடக்கணக்கில் ஓடாத டைமர் நடுவழியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

எலெக்ட்ரோவுக்குப் பேட்டரி போட்டு, பின்னால் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மேலே பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பேட்டரி அறையில் பச்சைப் பாசி மாதிரி உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். அறை முனையோடு நின்றிருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சில் போகும். ஒயருக்குள் ஏறியிருந்தால் வேண்டாம். பிறகு நெம்பை இழுத்துப் பிலிம் ஏற்றும்போது உள்ளே 'டக்' என்று கனமான சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். உள்ளே ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது. அது கரைந்துபோனால் அந்தச் சத்தம் வராது, விளக்குகளும் வெளிச்ச அளவும் தாறுமாறாகும். மாற்றலாம், ஆனால் மேல்மூடியைக் கழற்றும் வேலை. மெக்கானிக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள். கடைசியாக அபர்ச்சரை 16-ல் வைத்து அறைக்குள் ஒரு படம், 1.7-ல் ஜன்னலைப் பார்த்து ஒரு படம். முதலாவதில் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இரண்டாவதில் ஒரே கிளிக்.

இப்போது ரேஞ்ச்பைண்டர். காமிராவை வெளியே எடுத்து வாருங்கள். தூரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் காற்றாலைத் தூணைவிட நல்ல குறி கிடையாது. உங்கள் பக்கம் செல்போன் டவர் போதும். லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்கு (∞) திருப்பினால் இரண்டு தூணும் ஒன்றாக வேண்டும். பிறகு டேப் பிடித்து சரியாக 1 மீட்டரில் கதவு விளிம்பைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பக்கமாகச் சிறிது விலகினால் திருகாணி திருப்பிச் சரிசெய்யக்கூடியது. பிம்பம் மேலும் கீழுமாக விலகினால் பார்க்க எரிச்சல், படத்தின் குவியம் கெடாது. முடிவிலியில் சேர்ந்து 1 மீட்டரில் விலகினால் கீழே விழுந்த காமிராவாக இருக்கலாம். வளையத்தைச் சுற்றியும் கட்டத்துக்குள் பிம்பம் அசையவே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வியூபைண்டர் கட்டம் சரியாகக் காட்டுவதும் லென்ஸ் பிலிமில் சரியாக விழுவதும் வேறுவேறு. டிரேசிங் பேப்பரைப் பிலிம் ஓடும் தண்டவாளங்கள் மேல் இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் அமைப்பு) திறந்து பிடித்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து அதே டவரைப் பாருங்கள். பேப்பரில் விழும் தலைகீழ்ப் படம் கூர்மையாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. எலெக்ட்ரோவிலும் 'பி' உண்டு. கடையில் இதைச் செய்யக் கூச்சப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

கட்டம் மங்கலாக இருப்பது மட்டுமே குறை என்றால் ஒதுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பாதி வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியை பஞ்சால் துடைக்க ஆசைப்பட்டால் பூச்சே கையோடு வந்துவிடும். வியூபைண்டர் முன்கண்ணாடியின் நடுவில் சின்ன நிறக் கண்ணாடித்தாள் துண்டு ஒட்டினால் கட்டம் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): அப்பிச்சி வெச்சிருந்த கேனனெட்டுங்க. அதுக்குப் போடற மெர்க்குரி செல் எங்கயும் கிடைக்கலை.

பதில்: கிடைக்காது. பாதரசம் கலந்த 1.35 வோல்ட் பிஎக்ஸ்625 செல் சுற்றுச்சூழல் காரணத்தால் நிறுத்தப்பட்டது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று செல் 1.4 வோல்ட் தரும், மீட்டருக்கு நெருக்கம். மருந்துக்கடையிலோ காது கருவிக் கடையிலோ கேளுங்கள். அது 11.6 மி.மீ. அகலம், பழைய செல் 15.6 மி.மீ.; இடைவெளியை ரப்பர் வளையம் போட்டு நிரப்புங்கள். ஒட்டுத்தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப் பட விட்டுப் பொருத்துங்கள். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சில மாதத்தில் தீரும்.

எல்ஆர்44 என்ற பட்டன் செல் போட்டாலும் மீட்டர் முள் ஆடும். ஆனால் 1.5 வோல்ட் என்பதால் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருண்டு வரும். அந்த செல் வடிய வடிய அளவும் மாறிக்கொண்டே போவதால் ஐஎஸ்ஓவை (பிலிமின் ஒளி உணர்திறன் எண்ணை) மாற்றி வைத்தும் நம்ப முடியாது. எலெக்ட்ரோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய 5.6 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட் 4எல்ஆர்44 நன்றாக ஓடும். அறையை விடச் சிறியது என்பதால் அட்டை சுற்றி, நீளத்துக்கு ஸ்பிரிங் வையுங்கள்.

கேள்வி (ஈரோடு): கழுகு முத்திரை போட்ட, தங்கப் பூச்சு லைக்கா 25,000 ரூபாய்க்கு வருதுங்க. எடுக்கலாங்களா?

பதில்: வேண்டாம். பழைய சோவியத் யூனியனின் ஃபெட், சோர்க்கி காமிரா உடல்களில் லைக்கா எழுத்தும் இராணுவ முத்திரையும் வெட்டி விற்பது பல காலமாக நடக்கிறது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள்: லைக்காவில் சின்ன உருளைச் சக்கரம் இருக்கும், ஃபெட்டிலும் சோர்க்கியிலும் கூம்பிய நெம்பு இருக்கும். ஓடுகிற ஃபெட் என்றால் ஃபெட் விலைக்குக் கேளுங்கள்.

கேள்வி (திருப்பூர்): முதல் ரோல் கழுவி வந்துச்சுங்க. படத்துல செவப்புக் கோடா ஓடியிருக்கு. லென்ஸ் கெட்டுப்போச்சுங்களா?

பதில்: லென்ஸ் காரணமில்லை. வண்ண நெகட்டிவில் சிவப்புக்கு உரிய அடுக்கு பிலிமின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்கதவு வழியாக நுழையும் ஒளி அதையே முதலில் தொடுவதால் கோடு சிவப்பாக விழுகிறது. நெகட்டிவை எடுத்துப் பாருங்கள்: பிலிம் ஓரத்து ஓட்டைகள் வரை கறை பரவியிருந்தால் கதவு சீல்தான். படச் சட்டத்துக்குள் மட்டும் நின்றால் ஷட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

பழைய ஸ்பாஞ்ச் சீல் காலப்போக்கில் தார் மாதிரி ஆகிவிடும். ஷட்டர் திறப்பைக் காகிதத்தால் மூடி ஒட்டிவிட்டு, பல்குத்தும் குச்சியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துப் பள்ளங்களைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். ஓரப் பள்ளங்களுக்குக் கருப்புக் கம்பளி நூல், கீல் பக்கம் 1.5 முதல் 2 மி.மீ. கருப்பு ஃபோம். கதவு மூடச் சிரமப்பட்டால் தடிமன் அதிகம். கம்பெனி வேஸ்ட் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; அதைப் போடாதீர்கள். பருத்தியில் பஞ்சு உதிர்ந்து பிலிமில் ஒட்டும்.

கேள்வி (வால்பாறை): லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி இருக்குது. எடுக்கலாமா?

பதில்: பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முன் அல்லது பின் கண்ணாடியின் மேல் லேசான பூஞ்சை என்றால் மெக்கானிக் துடைத்துவிடுவார். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே இருந்தாலோ, கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தாலோ வேண்டாம். உங்கள் மழைக்கு வாங்கும் எந்தக் காமிராவையும் தோல் உறையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி; 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): வீட்டுப் பீரோவுல ஊட்டி 'இந்து' பிலிம் ரோல் ரெண்டு கிடக்குதுங்க. புதுசா வாங்கின காமிராவைச் சோதிக்க அதைப் போடலாங்களா?

பதில்: போடாதீர்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடி வருடங்கள் ஆகின்றன. அந்த ரோல்களில் மூட்டம் படர்ந்திருக்கும். படம் கெட்டால் குறை பிலிமிலா, காமிராவிலா என்று தெரியாமல் போகும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நம் மலையில் செய்த பொருள்.

சோதனைக்குக் காலாவதியாகாத 200 ஐஎஸ்ஓ வண்ண ரோல் ஒன்று போதும். இங்கத்திய மத்தியான வெயிலில் அதற்கு எஃப் 11, 1/500. 400 ரோல் என்றால் 16-ம் 1/500-ம் வைத்தாக வேண்டும், அதற்கு மேல் நகர இடமில்லை. முதல் பத்துக் காட்சிகளை அபர்ச்சரை முழுக்கத் திறந்து, 1 மீட்டர், 3 மீட்டர், தூரத்து டவர் என்று நிழலிலும் மாலையிலும் எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள்; ரேஞ்ச்பைண்டரில் மூடியிருந்தாலும் வியூபைண்டரில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பிலிம் மாட்டியதும் நெம்பை இழுக்கும்போது இடப்பக்கம் சுருட்டும் குமிழ் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் முதலில் அந்தக் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள். அப்போதும் நின்றால் பிலிம் நுனி மாட்டவில்லை; கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள்.