பரணியில் முட்டை: கேள்வி பதில்

தேரூர் வாசகர்: அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்த தாராவின் (வாத்தின்) முட்டைகளை உப்புநீரில் போட எண்ணுகிறேன். எவ்வளவு உப்பு, எத்தனை நாள், அக்கா?

கோழி முட்டையைவிடத் தாரா முட்டையே இதற்கு ஏற்றது. அதன் மஞ்சள் கருவில் கொழுப்பு மிகுதி. வயல் முட்டையில் சேறு ஒட்டியிருக்கும் என்பதால் கழுவத்தான் வேண்டும். ஆனால் முட்டையைவிடக் குளிர்ந்த நீரில் கழுவினால், உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்குநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே சற்று வெதுவெதுப்பான நீரே நல்லது. கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுங்கள். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 350 கிராம் கல்லுப்பைக் கொதிக்கவைத்துக் கரைத்து, முற்றிலும் ஆறிய பிறகு பீங்கான் பரணியில் ஊற்றுங்கள். அந்த அடர்த்தியில் முட்டை மிதக்கும் என்பதால் மேலே ஒரு சிறு தட்டை வைத்து அமிழ்த்த வேண்டும். மூன்று முதல் நான்கு வாரங்களில் பதம் வந்துவிடும். எடுத்தது பச்சை முட்டைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உப்பு ஊறிவிட்டதாலேயே சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி அழிந்துவிட்டது என்று கொள்ளாமல், நன்றாக அவித்தே உண்ண வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அரை முட்டைக்கு மேல் எடுக்காதிருப்பது நலம்.

மார்த்தாண்டம் வாசகர்: அவித்து உரித்த முட்டையை வினிகரில் போட்டு, மாங்காய் ஊறுகாயோடு அலமாரியில் வைக்கலாமா? காரம் இறங்க ஊசியால் குத்துவது வழக்கம்.

இரண்டும் வேண்டாம். 1997இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர், பல்குச்சியால் குத்தி வினிகரில் ஊறவைத்த முட்டைகளை அறை வெப்பத்தில் வைத்திருந்து உண்டதால் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சுநோய்க்கு ஆளானார். மாங்காய் தானே புளிப்பு. முட்டையின் மஞ்சள் கருவோ புளிப்பற்றது, வினிகர் அதன் நடுப்பகுதியை எட்ட நாளாகும். குத்திய துளை வழியே கிருமியின் வித்து காற்றில்லாத அந்த நடுப்பகுதிக்குப் போய்விட்டால், புளிப்பு வந்து சேருமுன் நஞ்சு உருவாகிவிடலாம். நாற்றமோ நிறமாற்றமோ அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. குத்தாமல், 5 விழுக்காடு அமிலம் என்று சீட்டில் அச்சிட்ட வினிகரில், முதல் நாளிலிருந்தே குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டில் புளிக்கவைத்த காடியின் அமில அளவு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

தக்கலை வாசகர்: சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த கறுப்பு முட்டையைச் சுண்ணாம்பும் சாம்பலும் பூசி நாமே செய்ய முடியுமா?

அது சீனத்துப் பிதான். வெள்ளைக் கருவை உறையவைப்பது வெப்பமன்று, சுண்ணாம்பிலும் சாம்பலிலும் உள்ள காரம் (மிளகாய்க் காரமன்று). காரம் குறைந்தால் முட்டை அழுகும். கூடினால் உறைந்தது மீண்டும் இளகிவிடும். அந்தப் பதத்தைக் கட்டுப்படுத்தவே பழைய முறையில் ஈய ஆக்சைடைச் சேர்த்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சிப்பிச் சுண்ணாம்பின் வீரியமும் அடுப்புச் சாம்பலின் வீரியமும் வீட்டுக்கு வீடு வேறுபடும் நிலையில், அளவுகோல் இல்லாமல் இதில் இறங்க நான் சொல்லமாட்டேன். உறவினர் கொண்டுவந்ததை உறையில் ஈயமற்றது என்றிருக்கிறதா எனப் பார்த்து உண்ணுங்கள்.

குளச்சல் வாசகர்: நீரில் மூழ்கும் முட்டை பாதுகாப்பானதுதானே?

அது புதியது என்பதை மட்டுமே காட்டும். புதிய முட்டையிலும் கிருமி இருக்கலாம்.